பிழை திருத்துகிறவளின் வாக்கு

ஏணிக் கட்சிக்குள் இரண்டு பேர்,
ஜனாதிபதி வேட்பாளர் ஆர் என்று அடிபாடு.
இரண்டு பேரின் சுவரொட்டியும்
ஆமர் வீதியில் எங்கள் அச்சகத்தில்தான்.
எதிரிமான்ன உடன் காசு.
டொக்டர் வெலகெதர கடன்,
அதுவும் பாதி.

சிங்களத்தில் வருவதைத் தமிழாக்குகிறது நான்.
"வாழ்க்கைச் செலவைப் பாதியாக்குவோம்" என்று
திங்கட்கிழமை ஒருவருக்கு எழுதினேன்.
புதன்கிழமை மற்றவரும் அதையே அனுப்பியிருந்தார்.
வேறு சொல் தேடினேன்,
கிடைத்தது, போடவில்லை.
ஒரே பொய்க்கு எதற்கு இரண்டு மொழிபெயர்ப்பு?

கட்சி அட்டை எனக்கும் இருக்கிறது.
துறைமுகச் சங்கத்தில் இருந்த காலம்
கணவர் இருவருக்கும் சேர்த்துச் சந்தா கட்டினார்.
பிறகு டோஹாவுக்குப் போனார்,
அங்கேயே இருந்துவிட்டார்.
அட்டை இருக்கிறது.

ஜிந்துப்பிட்டிக் கல்யாண மண்டபத்தில் கூட்டம்.
மின்விசிறிக்குக் கீழிருந்த கதிரையெல்லாம்
முன்னமே பிடிபட்டுவிட்டது.
எதிரிமான்ன "வணக்கம்" என்றார், கை தட்டினார்கள்.
"சகோதர சகோதரிகளே" என்றார், இன்னும் பலமாய்.
அடுத்த சொல் அவருக்கு ஞாபகம் வரவில்லை.
நான் எழும்பிக் கேட்டேன்:
மட்டக்குளி மாடிவீட்டில் தண்ணீர் மோட்டார் பழுதாகி
எட்டு மாதம்,
ஐந்தாம் மாடிக்கு வாளி தூக்குகிறோம்.
அவர் இறங்கி வந்து தோளில் கை போட்டார்.
போட்டோ எடுத்தார்கள்.
அந்தப் படத்தில் வாயைத் திறந்தபடி நிற்கிறேன்,
கேள்வி இன்னும் முடியாத வாய்.

மறுகிழமை டொக்டர் அம்மா.
அதே மண்டபம், அதே கேள்வி.
"தெரியாது" என்றார் சிங்களத்தில்.
"விசாரித்துச் சொல்கிறேன்."
விசாரித்தாரோ என்னவோ, சொல்லவில்லை.
ஆனாலும் இந்த அடிபாடு முழுக்க
நான் தமிழாக்க முன்னமே எனக்கு விளங்கிய
ஒரே சொல் அது.

அதற்காக அவரைத் தலையில் வைத்து ஆடவில்லை.
கொள்ளுப்பிட்டி வீட்டில்
பைப்பைத் திறந்தால் தண்ணீர் வருமென்று எனக்கும் தெரியும்.
எங்கள் மாடி ஆம்பிளைகள்
"பொம்பிளை, பாரம் தாங்கமாட்டா" என்கிறார்கள்.
வாளி தூக்குகிறது ஆர் என்று கேட்டேன்.
கிரிக்கெட்டுக்குப் பேச்சை மாற்றினார்கள்.

அன்றிரவு பன்னிரண்டரை.
எதிரிமான்னவின் கடைசிப் புரூப்,
நாலாயிரம் பிரதி, விடிய முன்னம் வேண்டும்.
"தூய்மையான கரங்கள்" இருக்க வேண்டிய இடத்தில்
"தூய்மையான காரங்கள்."
ஒரு கால், ஒரேயொரு கால் கூட.
கண்டேன்.
சிவப்புப் பேனை கையில்தான் இருந்தது.
மெசினில் நின்ற ஜௌபர் "சரியா அக்கா?" என்றான்.
"ஓம், ஓடவிடு."

நான் போட்ட வாக்கு அதுதான்.
மற்றது வெறும் புள்ளடி.

விடிந்தபோது கொட்டாஞ்சேனைச் சுவர் முழுக்கக் காரம்.
மிளகாய்த்தூள் மில் வாசலில் ஒன்று,
ஆரோ வேண்டுமென்றே ஒட்டியது.
பொடியன்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள்.
நூற்றைம்பத்தைந்து பஸ்ஸில் சனம் சிரித்தது.
சிரித்த சனமெல்லாம் பெயரையும் வாசித்தது.
அதை நான் யோசிக்கவில்லை.
"காரமான ஆள்தான் நாட்டுக்குத் தேவை" என்று
மீன் விற்கிற செபமாலை சொன்னபோது
வயிறு கலங்கியது.

அறுநூற்றுப் பன்னிரண்டு வாக்கால் எதிரிமான்ன வென்றார்.
மேடையில் அவர் கையைப் பிடித்து உயர்த்தியது
டொக்டர் அம்மா.
முகத்தை மாலை மறைத்துவிட்டது.
பாக்கிக் காசு இன்னும் வரவில்லை.

இனி நாடு முழுக்கத் தேர்தல்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
விருப்பு வாக்குக்கு இலக்கம் போடலாமாம்.
ஒன்றுக்கே ஆளைக் காணவில்லை,
மூன்றுக்கு எங்கே போக?

மேசையில் புதுப் புரூப்.
எதிரிமான்ன, இம்முறை ஆளுயரம்.
"தூய்மையான கரங்கள்."
எழுத்தெழுத்தாய்ப் பார்த்தேன்,
புள்ளி, ஒற்று, கால், கொம்பு.
பிழை ஒன்றும் இல்லை.
அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
ஜௌபர் இரண்டாம் தரமும் கேட்டுவிட்டான்.